லென்ஸ் வாங்கும் முன் வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுங்கள்

பூச்சி எடுக்க ஒரு லென்ஸ், முகம் எடுக்க ஒரு லென்ஸ் என்று தனித்தனியாகப் பட்டியல் எழுதிக்கொண்டு சிங்கப்பூரில் கேமராக் கடைகள் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பது) ஒன்றே பெரும்பாலோருக்கு இரண்டு வேலையையும் பார்த்துவிடும். மிச்சப் பணத்தை ஃபிளாஷில் போடுங்கள். மிச்ச நேரத்தை ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரில் போடுங்கள். டிஃப்யூசருக்கு இரண்டு கோப்பிக் காசு போதும் என்பதாலோ என்னவோ, அதை யாரும் மதிப்பதில்லை.

"போர்ட்ரெயிட்டுக்கு 85 எஃப் 1.8 இல்லாமல் பின்னணி எப்படிக் கரையும்?" என்று உடனே கேட்பார்கள். லென்ஸின் குவியத்தூரத்தை (மி.மீ. எண்) எஃப் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) வகுத்துப் பாருங்கள். 85 எஃப் 1.8 என்றால் 47. 100 எஃப் 2.8 என்றால் 36. எல்லோரும் முதலில் வாங்கும் 50 எஃப் 1.8 என்றால் 28. முகத்தை ஒரே அளவில் ஃபிரேம் செய்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பது இந்த எண்ணைப் பொறுத்துத்தான். ஆக, மேக்ரோ லென்ஸ் 85-ஐவிடக் குறைவு, 50-ஐவிட அதிகம். 2 மீட்டரில் நிற்பவரைப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல்ஃபிரேமில் 100 எஃப் 2.8-இல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது ஏற்கெனவே மங்கியிருக்கும். இதற்குமேல் எவ்வளவு கரைய வேண்டும்?

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மேக்ரோ லென்ஸின் ஃபோகஸ் வெகுதூரம் ஓட வேண்டியிருப்பதால், தவறவிட்டால் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுத்தான் வந்து சேரும். அதற்காகத்தான் லென்ஸின் பக்கவாட்டில் லிமிட்டர் பொத்தான் இருக்கிறது. கெனான் 100 எல் லென்ஸில் 0.5 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று ஒரு நிலை உண்டு. ஆள் எடுக்கும்போது அதில் வைத்துவிட்டால் பாதி அலைச்சல் போய்விடும். அடுத்தது, இந்த லென்ஸ்கள் இரக்கமே இல்லாமல் கூர்மையானவை. தோலின் ஒவ்வொரு துளையும் தெரியும். எடிட்டிங்கில் கிளாரிட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குறைதான் சிங்கப்பூரில் உண்மையாக இடிக்கும்: வீட்டின் அளவு. முழு உருவம் எடுக்க 100 மி.மீ. லென்ஸுக்கு ஃபுல்ஃபிரேமில் ஐந்தரை மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் ஒன்பது மீட்டர். எந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஒன்பது மீட்டர் இருக்கிறது? கிராப் கேமரா வைத்திருந்து, வீட்டுக்குள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் போர்ட்ரெயிட்டுக்குப் பழைய 50-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ லென்ஸ் பூச்சிக்கும் நகைக்கும் மட்டும் இருக்கட்டும்.

இனி மேக்ரோ. 1:1 உருப்பெருக்கத்தில் (பூச்சி சென்சாரில் தன் உண்மை அளவிலேயே விழும் நிலை) ஃபுல்ஃபிரேமில் எஃப் 8 வைத்தால் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் சுமார் ஒரு மி.மீ. 2:1-க்குப் போனால் அரை மி.மீ.கூட இல்லை. ஆழம் வேண்டுமே என்று எஃப் 22-க்கு மூடுவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் கெடுகிறது. 1:1-இல் கேமராவில் வைத்த எண் ஏறக்குறைய இரட்டிப்பாக வேலை செய்யும்: எஃப் 8 என்பது எஃப் 16 ஆகிவிடும், எஃப் 22 என்பது எஃப் 44. அந்த நிலையில், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் மொத்தப் படத்தையும் மழுக்கிவிடும். லென்ஸ் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. நிக்கான் கேமரா கிட்டே போகப் போக மாறும் எண்ணைத் திரையில் காட்டும், கெனான் வைத்த எண்ணையே காட்டும். நண்பரின் செட்டிங்கை அப்படியே எடுத்துப் போட்டால் வராமல் போவது இதனாலும்தான். கெனானில் எஃப் 8 முதல் 11 வரை நின்றுகொள்வது நல்லது.

1:1-இல் ஒளியிலும் இரண்டு ஸ்டாப் போய்விட்டது, அதாவது கால் பங்குதான் மிச்சம். அதோடு வெனஸ் டிரைவ் பக்கமோ டெய்ரி ஃபார்ம் பக்கமோ காட்டு மரத்தடியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுத்தான். ஃபிளாஷ் இல்லாமல் நடக்காது. அதனால் ஃபிளாஷை முழு மேனுவலில் வையுங்கள். ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, எஃப் 8, ஃபிளாஷ் முழு சக்தியில் 1/16. இங்கே தொடங்கி ஃபிளாஷ் சக்தியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். சக்தி குறையக் குறைய ஃபிளாஷ் மின்னும் நேரமும் குறையும். 1/16-இல் அது நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. கை நடுக்கத்தை நிறுத்துவது அதுதான், ஷட்டர் அல்ல. 1/2, 1/1 என்று ஏற்றினால் மின்னும் நேரம் நீளும், கை நடுக்கம் தெரியும், பேட்டரி மீண்டும் ஏறும்வரை பூச்சி காத்திருக்காது.

அப்படியானால் எந்த ஃபிளாஷ்? லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃபிளாஷ் வேண்டாம் என்பேன். பல் மருத்துவருக்கு அது அருமையான கருவி. பூச்சிக்கு நிழலே இல்லாத தட்டை வெளிச்சம், தாவும் சிலந்தியின் கண்ணில் வெள்ளை வளையம். இரட்டைத் தலை ஃபிளாஷ் பரவாயில்லை. ஆனால் டிஃப்யூசர் இல்லாவிட்டால் வண்டின் முதுகில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் எரியும். கோடாக்ஸ் டிடி350 போன்ற சின்ன ஃபிளாஷ் ஒன்றே போதும். இரண்டு பேட்டரி, எடை குறைவு, மேக்ரோ தூரத்தில் தேவைக்கு மேலேயே சக்தி.

வேலை நடப்பது டிஃப்யூசரில்தான். பூச்சி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சப் பரப்பு எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு ஒளி மென்மையாகும். 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளை ஷீட்டைப் பூச்சியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் பிடிப்பதும், 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து 60 செ.மீ.-இல் வைப்பதும் ஒன்றே. பார்சலில் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட் மிக நல்ல பொருள். டிரேசிங் பேப்பரும் சரிதான், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து தொங்கிவிடும். ஷீட்டை லென்ஸ் முனைக்கு மேலே பூச்சியை நோக்கி உள்வளைவாகக் கவிழ்த்துக் கட்டுங்கள்.

ஒரே ஒரு அடுக்கு வைத்தால் நடுவில் மட்டும் பிரகாசமாக எரியும், ஓரம் இருளும். 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு அடுக்கு வையுங்கள். ஃபிளாஷ் தலையில் இழுத்துவிடும் வைட் பேனலையும் இறக்கிவிடுங்கள். வெளியே போகும் முன் டிஃப்யூசரையே படம் எடுத்துப் பாருங்கள், எங்கே எரிகிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பொருளும் கொஞ்சம் நிறம் ஏற்றும் என்பதால் வெள்ளைக் காகிதத்தை வைத்து வைட் பேலன்ஸ் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

60 மி.மீ. மேக்ரோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் உண்டு. 1:1-இல் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 10 செ.மீ. தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே விழும், தட்டான் பறந்துவிடும். சரி, 180 வாங்கினால்? தூரம் தாராளம், ஆனால் டிஃப்யூசரும் பின்னால் போய்விடுவதால் ஒளி மறுபடி கடினமாகும். 100-ஐச் சுற்றியே நான் வட்டமிடுவதற்கு இதுவும் காரணம். பட்ஜெட் அதற்கும் இடம் தராவிட்டால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, உங்களிடம் இருக்கும் 55-250 லென்ஸின் முனையில் மாட்டுங்கள். அதன் சக்தி 8 டயாப்டர். 250-இல் சுமார் 2:1 வரை போகும், பூச்சிக்கு 12 செ.மீ. இடமும் இருக்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் அதைவிட மலிவு, ஆனால் 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் பூச்சி ஏறக்குறைய கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

பின்னணி கறுப்பாகிவிடுகிறது என்பது அடுத்த புலம்பல். ஃபிளாஷ் ஒளி தூரத்தோடு வேகமாகத் தேய்வதால் 10 செ.மீ.-இல் இருக்கும் பூச்சிக்குப் போதுமான ஒளி, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இலைக்குப் போய்ச் சேராது. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி, ஷட்டரை 1/60-க்கு இறக்குங்கள். அல்லது வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை இலையோ அட்டையோ ஒன்றைப் பூச்சிக்குப் பின்னால் சில செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். அங்கிருந்தே இலையை எடுக்க வேண்டாம், வனக் காப்பகத்தில் அது குற்றம்.

போர்ட்ரெயிட் ஃபிளாஷைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், கொள்கை அதேதான். வீட்டுக்குள் ஃபிளாஷை நேராகக் கூரைக்குத் திருப்பாதீர்கள். கூரை தாழ்வு, கண்குழியில் நிழல் விழும். பக்கச் சுவரில் அடியுங்கள். சுவர் பச்சை என்றால் முகமும் பச்சையாகும், அப்போது வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள். புளோக் கீழ்த்தளம் இன்னும் நல்ல ஸ்டுடியோ: ஓரத்தில் நிற்கவைத்தாலே ஒரு பக்கத்திலிருந்து பரந்த ஒளி, மேலே வெள்ளைக் கூரை.

வெளியில் வெயில் நம் ஊரில் தலைக்கு மேலேயே நிற்கும். உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணி வாக்கில். பதினொன்று முதல் மூன்று வரை தேக்காவின் கூரையிட்ட ஐந்தடி நடைபாதைகளுக்குள் ஒதுங்குங்கள். வெயிலில்தான் எடுப்பேன், எஃப் 2.8-இல்தான் எடுப்பேன் என்றால், ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 1/3200 கேட்கும். சாதாரண ஃபிளாஷ் 1/200-க்கு மேல் ஒத்துவராது. அதைத் தாண்ட ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷின் சக்தி பெருமளவு போய்விடும். நான்கு ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் இருண்ட கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்டுவது மேல்.

நம் ஆட்களின் கருத்த தோலுக்கு ஒளியைக் கூட்டக் கூட்ட நெற்றி வியர்வைதான் பளபளக்கும். சக்தியைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டி, 45 பாகையில் பக்கத்திலிருந்து கொடுங்கள். கையில் டிஷ்யூ இருக்கட்டும். ஃபிளாஷ் சக்தியைக் கேமராவே கணக்கிடும் டிடிஎல் முறையை நம்பாதீர்கள். வெள்ளை வேட்டி ஃபிரேமை நிறைத்தால் முகத்தை இருட்டாக்கும், கறுப்புப் புடவை நிறைத்தால் முகத்தை வெளுக்கும். தாலி, மோதிரம் எடுக்கும்போது தங்கம் எதிரில் இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கும், உங்கள் சட்டை உட்பட. பூச்சிக்குச் செய்த அதே டிஃப்யூசரை மேலே கவிழ்த்து, கீழே வெள்ளை அட்டை வைத்து எஃப் 11-இல் எடுங்கள்.

கேரோசல் இணையச் சந்தையில் பழைய லென்ஸ் வாங்கினால் நேரில் போய்ப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்துத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தூசிக்குப் பயப்பட வேண்டாம். கிட்டே ஒரு முறை, தூரத்தில் ஒரு முறை ஃபோகஸை ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள். வீட்டில் டிரை கேபினெட் (ஈரப்பதம் நீக்கும் அலமாரி) 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கிளம்பும்போது கேமராவைப் பையிலேயே இருபது நிமிடமாவது விட்டுவையுங்கள், கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளாது.