ஜூலியன் பாண்ட் "வெறும்" ஸ்டேட் ரெப் (மாநில சட்டசபை உறுப்பினர்) தானாம்!

நேத்து நம்ம குரூப்ல ஒரு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல நடந்த சண்டையெல்லாம் பாத்திருப்பீங்க, திரும்ப இழுக்கல. ஆனா "இருபது வருஷம் ஜார்ஜியா சட்டசபையிலயே உக்காந்திருந்தாரு, வாஷிங்டன் போக வக்கில்ல"ன்னு அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடுன ஜூலியன் பாண்டைப் பத்தி ஒரு அண்ணன் எழுதினாரே, அதுக்கு நம்ம குரூப்லயே அத்தன சிரிப்பு எமோஜி. அதான் தாங்கல.

உக்காந்திருந்தாரா? உக்கார விட்டாத்தானே சார்! 1965 ஜூன்ல ஜார்ஜியா சட்டசபைக்கு 2,320 ஓட்டுக்கு 487ன்னு ஜெயிச்சவரு, வயசு 25. 1966 ஜனவரில பதவி ஏத்துக்கப் போனா, வியட்நாம் போரை எதிர்த்து எஸ்என்சிசி (கறுப்பின உரிமைக்குப் போராடுன மாணவர் அமைப்பு) விட்ட அறிக்கைய ஆதரிச்சாருன்னு சட்டசபைல 184–12ன்னு ஓட்டுப் போட்டு வெளிய நிறுத்திட்டாங்க. பிப்ரவரில அதே சீட்டுக்கு இடைத்தேர்தல், திரும்ப அவரே. அப்பவும் விடல. நவம்பர்ல மூணாவது தடவ. டிசம்பர்ல அவரை வெளிய நிறுத்தினது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் 9–0ன்னு சொன்னப்புறம்தான் 1967 ஜனவரில உள்ளயே போனாரு. கேஸ்ல அவரோட நின்னது யாரு, அவரோட தொகுதி வாக்காளர் மார்ட்டின் லூதர் கிங். "வெறும்" ஸ்டேட் ரெப்!

எங்க ஆபீஸ்ல முன்னாடி ஒரு அட்லாண்டாக்கார அம்மா இருந்தாங்க. அவங்க அம்மா அந்தத் தொகுதிதானாம், ஒவ்வொரு தடவையும் சர்ச்சுக்குப் போற டிரஸ்ல போய், எத்தன தடவ வேணா போடச் சொல்லு போடறோம்னு வரிசைல நின்னாங்களாம். ஓட்டே இல்லாம டாக்ஸ் மட்டும் கட்டிட்டிருக்கற எனக்கு அதக் கேட்டப்போ தொண்டைய அடைச்சிடுச்சு.

உடனே வருவீங்க, "1986ல வாஷிங்டன் நாடாளுமன்ற (காங்கிரஸ்) சீட்டுக்கு, தன்னோட பழைய போராட்டத் தோழர் ஜான் லூயிஸ்கிட்ட தோத்தாரே"ன்னு. தோத்தாரு, யாரு இல்லன்னது? எந்தத் தொகுதில தோத்தாரு? ஸ்டேட் செனட்டரா (மாநில மேல்சபை உறுப்பினரா) இருந்தப்போ கறுப்பின மக்கள் பெரும்பான்மையா வர்ற மாதிரி எல்லைய மாத்தணும்னு யாரு சண்டை போட்டாரோ, ஜார்ஜியாவோட அந்த அஞ்சாவது காங்கிரஸ் தொகுதில. அவரு கட்டுன வீட்டுல லூயிஸ் குடி போனாரு, அவ்ளோதான். நல்ல மனுஷன்தான் போனாரு, அதுல வருத்தமில்ல.

"எத்தன பில் பாஸ் பண்ணாரு?" அட போங்கப்பா, அதுக்கெல்லாம் நான் லிஸ்ட் எடுத்துட்டு வரணுமா? காங்கிரஸ் தொகுதி எல்லைய வரையறதே இங்க ஜார்ஜியால ஸ்டேட் சட்டசபைதான். ஓட்டுப் போடற விதி, துப்பாக்கிச் சட்டம், ஸ்கூலுக்குப் போற பணம், எல்லாத்துலயும் பெரிய முடிவு அங்க. வருஷத்துக்கு 40 நாள்தான் கூடுவாங்க, அதுக்குள்ள நம்ம தலையெழுத்த எழுதிட்டுப் போயிடுவாங்க. நமக்கு ஜனாதிபதி எலக்ஷன் மட்டும்தான் எலக்ஷன், ராத்திரி முழுக்க டிவி முன்னாடி பாப்கார்ன்.

பர்சனலா எடுத்துக்காதீங்க அண்ணா, ஆனா பர்சனலாத்தான் சொல்றேன். சிட்டிசன்ஷிப் வாங்குன அன்னிக்கு கொடிய ஆட்டிட்டு போட்டோ போட்டீங்க, நானும்தான் ஹார்ட் போட்டேன். மே மாச பிரைமரிக்கு (கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற எலக்ஷனுக்கு) எப்பவாச்சும் போயிருக்கீங்களா? உங்க ஏரியா ஸ்டேட் ரெப் பேர சொல்லுங்க பாப்போம், கூகுள் பண்ணாம.