டைல்ஸ் மேல டைல்ஸ் ஒட்டுறதைப் பாராட்டுறதுக்கு முன்னாடி

அந்த "மூணே நாளில் புது பாத்ரூம்" வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுக்குக் கீழே நான் கேட்டது ஒரே கேள்விதான். பழைய டைல்ஸைக் கொத்தி எடுக்காம அது மேலேயே புதுசு ஒட்டியிருக்கீங்களே, அடியில் வாட்டர் புரூஃபிங் என்ன நிலைமையில் இருக்குன்னு பார்த்தீங்களா? பதில் வரல. கேள்வியைத் தூக்கிட்டாங்க. என்னை "வயித்தெரிச்சல் பிடிச்ச ஆள்"னு நாலு பேர் எழுதினது மட்டும் அப்படியே இருக்கு. அது வலிக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அங்கே இடமில்லைன்னா இங்கே எழுதுறேன்.

பாத்ரூம் டிசைன் தரைக்கு அடியில்தான் ஆரம்பிக்குது. டைல் கலர், கண்ணாடி, லைட் எல்லாம் அதுக்கு அப்புறம்.

பழைய தரை மேல புதுசு ஒட்டினா பசையும் டைலும் சேர்ந்து 12 முதல் 15 மி.மீ. வரைக்கும் தரை ஏறிடும். பாத்ரூம் தரையை வெளி அறையை விட ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் தாழ்த்தி வெச்சிருப்பாங்க. அந்தத் தாழ்வு போச்சுன்னா குளிக்கிற தண்ணி வாசலைத் தாண்டும். கதவோட அடியை அறுக்கணும். தண்ணி வெளியேறுற டிராப் மேல இருக்கிற ஜாலி பள்ளத்துக்குள்ள போயிடும். அதைச் சுத்தி சிமெண்டை வெச்சு அடைப்பாங்க. அந்த விளிம்பு வழியாத்தான் ரெண்டு டைலுக்கும் நடுவுல தண்ணி இறங்கும். இப்படி ஒட்டின தரையைப் பின்னாடி பெயர்த்துப் பார்த்தா, மேல் டைலுக்கு அடியில் பசை ஊறிக் கருத்து, நாத்தம் அடிக்கும். பழைய டைல்ஸோட இடுக்கை அடைக்கிற கிரௌட்டே இருக்காது, கரைஞ்சு போயிருக்கும்.

சுவர்லயும் இதே கதைதான். ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணியை மாத்தி விட சுவருக்குள்ள பதிக்கிற டைவர்ட்டருக்கு, முடிஞ்ச டைல் பரப்புல இருந்து குறைஞ்சது இவ்வளவு ஆழம், அதிகபட்சம் இவ்வளவு ஆழம்னு அதோட உடம்பிலேயே குறி இருக்கும். மேல இன்னொரு டைல் ஏறினா அது அதிகபட்சக் குறியைத் தாண்டி உள்ளே போயிடும். கைப்பிடி முழுசா உட்காராது, மூடித் தட்டு சுவரோட ஒட்டாது. வீடியோவை நிறுத்திப் பாருங்க, அந்தத் தட்டைச் சுத்தி விரல் தடிமனுக்கு வெள்ளை சிலிக்கான் இருக்கு. அது உரியுற அன்னிக்கு, குளிக்கிற தண்ணி நேரா சுவருக்குள்ள போகும். பின்பக்க அறையில் ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிப் பொரியா உதிரும்.

வாட்டத்தை, அதாவது தண்ணி ஓடுறதுக்கான தரைச் சரிவைப் பத்திக் கேட்கவே இல்லை, இப்பக் கேட்கிறேன். குளிக்கிற இடத்துல அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேணும், அதாவது மீட்டருக்கு 20 மி.மீ. 600க்கு 1200 மி.மீ. டைல் வளையாது. நாலு பக்கத்துல இருந்தும் ஒரு டிராப்பை நோக்கித் தண்ணி ஓடணும்னா டைலை மூலைவிட்டமா வெட்டிச் சாய்க்கணும். இல்லைன்னா சுவரோரமா நீளமான டிரெயின் வெச்சு, மொத்தத் தரையையும் ஒரே பக்கமா சாய்க்கணும். ரெண்டும் வேண்டாம்னா 2 அங்குலச் சின்ன மொசைக் டைல் போடலாம், அது வாட்டத்துக்கு ஏத்த மாதிரி உட்காரும். அந்த வீடியோவுல பெரிய டைலை முழுசா படுக்க வெச்சு, நடுவுல ஒரு ஓட்டை போட்டிருக்காங்க. தண்ணி எங்கே ஓடும்?

"அடியில்தான் பழைய வாட்டர் புரூஃபிங் இருக்கே"ன்னு கேட்கிறவங்களுக்கு. இருக்கான்னு எப்படித் தெரியும்? புது பைப் போகக் காடி வெட்டியிருக்காங்க, கமோட் இடம் மாறியிருக்கு. வெட்டின இடத்துல எல்லாம் பழைய பூச்சு அறுந்தாச்சு. முறையான வேலைன்னா டைல்ஸையும் பழைய கலவையையும் கொத்தி எடுக்கணும். பைப்பைப் பூசி மூடுறதுக்கு முன்னாடி கைப்பம்பில் அழுத்தம் கொடுத்து, அழுத்தம் காட்டுற மீட்டரோட முள் இறங்குதான்னு பார்க்கணும். பைப் தரையைத் துளைக்கிற இடத்தைச் சுருங்காத கிரௌட்டால் அடைக்கணும். சுவரும் தரையும் சேருற மூலையைக் கலவையால் உருட்டி, மெஷ் துணி வெச்சு, ரெண்டு பொருளைக் கலந்து பூசுற வாட்டர் புரூஃபிங் கோட்டிங்கை ரெண்டு கை அடிக்கணும். முதல் கை காய்ஞ்ச பிறகு, அதுக்குக் குறுக்கா ரெண்டாவது கை. சுவர்ல ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல. அப்புறம் டிராப்பை அடைச்சு, தண்ணி கட்டி 48 மணி நேரம் விடணும். அந்தச் சோதனைக்கு மட்டுமே ரெண்டு நாள். மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சதுன்னா எதை விட்டீங்கன்னு கேட்கிறது வயித்தெரிச்சலா?

"டைல் மேல டைல் ஒட்டப் பசை கம்பெனியே சொல்லுதே" என்கிறார் ஒருத்தர். சொல்லுது, உண்மை. பிடிமானம் கூடின சி2 வகைப் பசை பழைய டைலை நல்லாப் பிடிக்கும். சமையலறை மேடைக்குப் பின்சுவர்ல தாராளமா ஒட்டுங்க, எனக்கு மறுப்பே இல்லை. ஆனா பசை பிடிக்கிறது வேற, தண்ணி இறங்காம தடுக்கிறது வேற. எபாக்சி கிரௌட் போட்டாச்சு என்கிறதும் பதில் ஆகாது. இடுக்கை மட்டும் அது அடைக்கும், தரையும் சுவரும் சேருற மூலை அசையும்போது அங்கே வெடிக்கும்.

உடைச்சா தூசி, செலவு என்கிறீங்க. ஆமாம், செலவுதான்.

எனக்கு இதைவிடக் கோபம் அந்தப் பளபள தரையைப் பார்த்துத்தான். வயசான அம்மா இருக்கிற வீடுன்னு அவங்களே சொல்றாங்க. ஈரத்தரைக்கு வழுக்காத டைல், அதோட வழுக்கல் தர அளவுல ஆர்10, முடிஞ்சா ஆர்11 கேட்டு வாங்கணும். கமோட் பக்கத்துல 33 முதல் 36 அங்குல உயரத்துல ஒரு கைப்பிடி வேணும். அதுவும் வெறும் டைலில் இல்லாம, செங்கல் வரைக்கும் இறங்குற ஆங்கர் போல்ட்டில். இது எதுவும் இல்லாம வரிசையா ஹார்ட் போட்டிருக்கீங்க. நாளைக்கு ஒழுகினா எல்லாரும் டைல்ஸ் போட்டவரைத்தான் திட்டுவாங்க. மூணு நாள் கெடு வெச்சது அவர் இல்லை.

ஏற்கனவே இப்படி ஒட்டிட்டவங்க பயந்து உடனே உடைக்க வேண்டாம். ஒரு காசால டைல் முழுக்கத் தட்டிப் பாருங்க, பொள்ளல் சத்தம் வர்ற இடத்தில் குறி வையுங்க. டிராப்பை அடைச்சு, வாசல்ல சின்னதா வரப்பு கட்டி, மேடான இடத்துலயும் ஒரு அங்குலம் நிக்கிற மாதிரி தண்ணி விடுங்க. சுவர்ல பென்சிலால கோடு போட்டு, 24 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. ஒன்னு ரெண்டு மி.மீ. ஆவியாப் போகும். அதுக்கு மேல இறங்கியிருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிஞ்சாலோ அங்கே குளிக்கிறதை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.