மிளகாய் இல்லாத குழம்பு

மகளுக்குப் பரீட்சை. "வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்த ஆண்டு 1498" என்று கூடத்தில் நடந்தபடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எதுக்கு வந்தாராம் என்று கேட்டேன். "மிளகுக்கு." மிளகுக்காக இவ்வளவு தூரமா என்றதும் விழித்தாள். புத்தகத்தை மூடச் சொல்லி அடுப்படிக்குக் கூட்டிப்போனேன்.

இந்தப் பாடத்துக்கு அஞ்சறைப்பெட்டியைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்று நினைக்கிறேன். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அங்கிருந்து வந்தவைதான். 1492-இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்த பிறகே இவை உலகம் சுற்றின. "அப்போ அதுக்கு முன்னாடி குழம்புல காரம்?" என்றாள். மிளகைக் கையில் கொடுத்தேன். அன்றிரவு மிளகாயும் தக்காளியும் இல்லாமல் மிளகுக் குழம்பு வைத்தோம்.

அப்புறம் காற்று. பெரிய பேசினில் தண்ணீர், ஒரு காகிதக் கப்பல், ஒரு மேசை மின்விசிறி போதும். காற்றோடு விட்டால் கப்பல் ஓடுகிறது, எதிரே விட்டால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. காமாவுக்கும் இதேதான் நடந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து, அந்தக் கடலை நன்கு அறிந்த மாலுமி ஒருவர் வழிகாட்ட, நான்கு வாரத்துக்குள் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்துவிட்டார். திரும்பும்போது பருவக்காற்று மாறும்வரை பொறுக்காமல் ஆகஸ்ட் கடைசியிலேயே கோழிக்கோட்டிலிருந்து கிளம்பினார். அரபிக்கடலைத் தாண்டவே ஏறத்தாழ மூன்று மாதம். காய்கனி இல்லாமல் ஈறு வீங்கி ஆட்கள் செத்தார்கள். 4 கப்பல்களில் புறப்பட்டவர்கள் 2 கப்பல்களில்தான் போர்ச்சுகலின் லிஸ்பனுக்குத் திரும்பினார்கள்.

அரபு, குஜராத்தி வணிகர்கள் அந்தக் காற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து ஓட்டிய கடல் அது. இதைச் சொன்னதும் "அப்போ அவருக்குத்தானே புதுசு?" என்று கேட்டாள். ஆமாம். ஆனால் ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பனிலிருந்து வழியில் கப்பல் மாறாமல் வந்து சேர்ந்தது சாதாரண வேலையில்லை. அதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பரிசுப் பட்டியல். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்கு காமா கொண்டுவந்ததைக் கூடவே பயணம் செய்த ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: கோடு போட்ட துணி 12, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் பேசின் 6, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். "நீ சாமூதிரியாக இருந்தால் வாங்கிக்கொள்வாயா?" என்று கேட்டேன். அரைமணி நேரம் விடாமல் பேசினாள். மிளகு விற்கும் ஊருக்குத் தேனும் தொப்பியும் எதற்கு என்றாள். வருடத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை இப்படிக் கேட்காது.

1502-ஐச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக உள்ளே இருந்தவர்களோடு எரித்தார். பன்னிரண்டு வயதுக்கு இது தாங்கும் என்று முடிவு செய்து, விவரிக்காமல், நடந்ததை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதுல இல்லையேப்பா" என்றாள்.

சரி, எழுதிக்கொள் என்றேன். 1498-க்குக் கீழேயே பென்சிலால் எழுதினாள்.