பங்காளி கொடுத்ததும் பங்காளியால் போனதும்: ஷாங்காய் கார் நிறுவனத்தின் நாற்பது ஆண்டுகள்

சீனக் கார் என்றாலே "காப்பியடித்து முன்னுக்கு வந்தவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்ஏஐசி எனப்படும் ஷாங்காய் ஆட்டோமோட்டிவ் நிறுவனத்தின் வரலாற்றை ஊன்றிப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுப் பங்காளிகளால் ஷாங்காய் அடைந்த பெரும் ஆதாயம் காரின் வடிவமைப்பு அல்ல; அந்த நகரைச் சுற்றி வேர்விட்ட உதிரிபாகத் தொழில்தான். அதே பங்காளிகளால் அந்த நிறுவனம் இழந்ததும் ஒன்று உண்டு. சொந்தமாக ஒரு காரைச் செய்தாக வேண்டும் என்ற பசி போய்விட்டது. உதிரிபாகத் தொழிலில் சோறு உண்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1978இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் தாமஸ் மர்ஃபி பெய்ஜிங் போனார். பேச்சு லாரித் தயாரிப்பைப் பற்றியது. தொழில்நுட்பத்தை மட்டும் விலைக்குக் கேட்கிறீர்களே, இருவரும் முதல் போட்டுக் கூட்டு நிறுவனமாக நடத்தினால் என்ன என்று அவர் கேட்டார். கம்யூனிஸ்ட் அதிகாரிகளுக்கு அது தூக்கிவாரிப்போடும் யோசனை. ஆனால் டெங் சியாவோபிங் சம்மதித்தார், கார் தயாரிப்புக்கும் சேர்த்தே. வழியைக் காட்டிய ஜெனரல் மோட்டார்ஸோ தன் நாட்டில் இயக்குநர் குழுவின் ஒப்புதல் கிடைக்காமல் பின்வாங்கியது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன். 1983 ஏப்ரலில் ஷாங்காயை அடுத்த ஆன்டிங்கில், பாகங்களைக் கோத்து, அதன் சான்டானா என்ற காரில் முதல் வண்டி உருவானது. 1984 அக்டோபரில், ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோல் முன்னிலையில், ஃபோக்ஸ்வாகனுக்குப் பாதி, சீனத் தரப்புக்குப் பாதி என்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதற்கு முன்பு அங்கே கார் செய்யாமல் இல்லை. பழைய மெர்சிடிஸ் 220எஸ் சாயலில் 'ஷாங்காய்' என்றே பெயரிட்ட ஒரு காரை ஆண்டுக்குச் சில ஆயிரம் என்ற கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். சுத்தியலால் தட்டித் தட்டித் தகடு வளைத்த காலம் அது. அந்த ஊரில் ஜெர்மன் தரத்துக்கு ஒரு போல்ட் செய்து கொடுக்கக்கூட ஆள் கிடைப்பது அரிது. 1987இல் சான்டானாவில் இருந்த சீனச் சரக்கு வெறும் 2.7 விழுக்காடு. டயர், ரேடியோ, ஆன்டெனா, இன்னும் சில சில்லறைப் பொருள்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதற்குப் பின்னால் வருகிறது. "தரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், உள்ளூர்ப் பாகங்களையே போட்டுவிடலாம்" என்ற குரல் எழாமல் இருக்குமா? நம் ஊரிலும் எழும் குரல்தான் அது. ஜெர்மானியர்கள் அசையவில்லை. 1988இல் ஷாங்காய் மேயராக வந்த ஜு ரோங்ஜி ஜெர்மானியர்கள் பக்கம் நின்றார்! உள்ளூர்மயமாக்கல் வேண்டும், ஆனால் தரத்தில் ஓர் இம்மியும் குறையக் கூடாது என்பதே அவர் நிலைப்பாடு. விற்கும் ஒவ்வொரு சான்டானாவின் மீதும் ஒரு கூடுதல் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தை நிதியாகச் சேர்த்து, உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு எந்திரம் வாங்கக் கடனாகக் கொடுத்தார்கள். வாங்குபவன் தலையில் சுமத்திய வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதற்குக் கணக்கு இருந்தது. 1990களின் இறுதிக்குள் சான்டானாவின் உள்ளூர்ப் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

ஒரு பாகத்துக்கு ஒப்புதல் வாங்குவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் எடை புரியும். வார்ப்பில் ஒரு நுண்துளை, ரப்பரின் கடினத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் மாதிரி திரும்பி வரும். அச்சைத் திருத்தி, மறுபடி வார்த்து, மறுபடி அளந்து, மறுபடி அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான பாகங்களுக்கு இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள். இதையா திருட்டு என்று சொல்கிறோம்?

பசி போன கதைக்கு வருகிறேன். இறக்குமதிக்கு வானளவு வரி, உள்ளே போட்டி இல்லை, ஷாங்காய் டாக்சி என்றாலே சான்டானா. எப்படி விற்றாலும் விற்றது. அடிப்படையில் அந்தப் பழைய வண்டியையே மெருகேற்றி 2012 வரை செய்துகொண்டிருந்தார்கள். 1997இல், ஃபோர்டு போட்டியிட்டுத் தோற்க, ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாளியாக உள்ளே வந்தது. அதன் ப்யூக் கார் விற்றது, செவர்லே விற்றது, பாதி லாபம் தானாகக் கைக்கு வந்தது. சொந்தப் பெயரில் காரைச் செய்து தோற்கும் ஆபத்தை எந்த அதிகாரி வலிய ஏற்பான்? முன்னாள் எந்திரத் தொழில் அமைச்சர் ஹெ குவாங்யுவான் 2012இல் இந்தக் கூட்டு முறையை அபின் என்றே சொன்னார். தொட்டவன் விடமாட்டான் என்பது அவர் வாதம். பிறர் சொன்னால் பொறாமை எனலாம். அவர் அந்தத் துறைக்கே பொறுப்பில் இருந்தவர்.

சொந்தமாகக் கற்காததைக் கடையில் வாங்கப் பார்த்தார்கள். 2004இல் தென்கொரியாவின் சாங்யாங் கார் நிறுவனத்தில் ஏறத்தாழ 49 விழுக்காடு பங்கு. உறுதியளித்த முதலீடு வரவில்லை, தொழில்நுட்பம் மட்டும் போகிறது என்று தொழிற்சங்கம் குற்றம் சாட்டியது. 2009 ஜனவரியில் சாங்யாங் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. ஆள்குறைப்பை எதிர்த்துப் பியோங்டேக் தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் 77 நாட்கள் உட்கார்ந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து அவர்கள் மீது கண்ணீர்ப்புகைத் திரவம் கொட்டப்பட்டது. சீனத் தரப்பின் மீது எனக்குள்ள வருத்தம் இதில்தான். பங்கு வாங்குபவர்களுக்கு அந்த லைனில் நிற்பவர்கள் பற்றிய பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அந்த நிறுவனத்தைப் பிறகு நம் மஹிந்திரா வாங்கி, அவர்களும் நிலைக்க முடியாமல் வெளியேறினார்கள்.

இங்கிலாந்தில் எம்ஜி ரோவர் என்ற கார் நிறுவனத்தின் கதை இன்னும் சிக்கல். ரோவர் 25, 75 கார்களின் வடிவமைப்பு உரிமையை எஸ்ஏஐசி வாங்கி வைத்திருந்தது. கூட்டுப் பேச்சு முறிந்தது. 2005இல் எம்ஜி ரோவர் வீழ்ந்தது. அதன் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலை போனது. எம்ஜி என்ற பெயரையும் எந்திரங்களையும் வாங்கியதோ நான்ஜிங் ஆட்டோமொபைல் என்ற இன்னொரு சீன நிறுவனம். ரோவர் என்ற பெயர் ஃபோர்டிடம் போனது. கையில் கார் இருந்தும் பெயர் இல்லாததால், எஸ்ஏஐசி 'ரோவே' என்று புதுப் பெயர் வைத்து விற்றது. 2007 இறுதியில் நான்ஜிங் நிறுவனத்தையே தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் எம்ஜி முத்திரை அதன் கைக்கு வந்தது.

நம் சாலைக்கும் அந்த முத்திரை வந்துவிட்டது. குஜராத்தின் ஹாலோலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலையை எஸ்ஏஐசி வாங்கி, 2019இல் எம்ஜி ஹெக்டர் விற்கத் தொடங்கியது. அந்த ஹெக்டர் சீனாவில் பாவ்ஜுன் 530. எஸ்ஏஐசி, ஜெனரல் மோட்டார்ஸ், வூலிங் மூவரும் சேர்ந்த நிறுவனத்தின் கார். அதை ஆக்ஸ்போர்டில் பிறந்த முத்திரையோடு ஓட்டிக்கொண்டு "பிரிட்டிஷ் கார்" என்று பெருமைப்படுகிறோம்.

இதற்கிடையே காற்று திசை மாறிவிட்டது. கூட்டாளி இருந்தால்தான் கார் தொழிற்சாலை என்ற வரம்பைச் சீனா 2018 தொடங்கி 2022க்குள் முழுமையாக எடுத்துவிட்டது. மின்சாரக் கார் வந்தது. 2024இல் ஆடி நிறுவனம் நான்கு வளையச் சின்னம் இல்லாத தனி வகை ஒன்றை, எஸ்ஏஐசியோடு சேர்ந்து, சீனச் சந்தைக்காக அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சீன முதலீட்டின் மதிப்பில் 500 கோடி டாலருக்கும் மேல் குறைத்து எழுத நேர்ந்தது. கற்க வந்தவன் கற்பிக்கிறான் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். முழுப் படம் அதுவல்ல. அதே 2024இல் எஸ்ஏஐசியின் விற்பனையும் சரிந்து, பல ஆண்டுகள் வைத்திருந்த முதலிடத்தை பிஒய்டி என்ற இன்னொரு சீனக் கார் நிறுவனத்திடம் இழந்தது. பிஒய்டியும், அதைப் போன்ற சீன நிறுவனமான ஜீலியும் இப்படி லாபம் பகிரும் பங்காளியின் நிழலில் வளர்ந்தவை அல்ல. செய்தே தீர வேண்டும் அல்லது மூட வேண்டும் என்ற நிலையில் இருந்தவை.

எம்ஜி கார் செய்யும் ஹாலோல் நிறுவனத்தில் இப்போது இந்தியாவின் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 35 விழுக்காடு பங்குதாரர். சீன முதலீட்டுக்கு 2020இல் நம் அரசு போட்ட கட்டுப்பாடுகளின் பின்னணியில் வந்த ஏற்பாடு இது. செய்தியெல்லாம் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதோடு நின்றுவிட்டது. எனக்கு வேண்டிய விழுக்காடு வேறு. ஊக்கத்தொகை கேட்கும் கார் நிறுவனங்களிடம் 50 விழுக்காடு உள்நாட்டு மதிப்பு இருக்க வேண்டும் என்று அரசே விதி வைத்திருக்கிறது. கூட்டு முயற்சியில் வரும் ஒவ்வொரு மாடலுக்கும், ஊக்கத்தொகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த எண்ணை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். பேட்டரி செல், மோட்டார், கட்டுப்பாட்டு மின்னணு மூன்றுக்கும் தனித்தனியாக.