பட்ரோலா, லேண்ட் க்ரூசரா?

வளைகுடாவில் பாலைவனத்தில் வண்டி ஓட்டுபவர்களின் பிராண்ட் பற்றை வெட்டிச் சண்டை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஷார்ஜாவில் இருந்துகொண்டு விடுமுறைதோறும் மணலுக்குப் போகும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

நான்கு சக்கர இயக்க வண்டிகளான நிசான் பட்ரோல், டொயோட்டா லேண்ட் க்ரூசர் இரண்டின் முதல் மாடல்களும் 1951இல் ஜப்பானில் வந்தவை, இரண்டுக்கும் முன்மாதிரி அமெரிக்க ஜீப். பங்காளிகள் என்றால் போட்டி இல்லாமலா? பட்ரோல்காரர்கள் ஒய்61 என்ற பழைய பட்ரோல் மாடலின் 4.8 லிட்டர் எஞ்சினை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அதில் வேகத்திறனைக் கூட்டும் டர்போ பொருத்தி, அபுதாபியின் லிவா பக்கம் தல் மொரீப் என்ற பெரிய மணல்மேட்டில் ஏற்றுவதற்கென்றே வைத்திருப்பவர்கள் உண்டு. லேண்ட் க்ரூசர்காரர்கள் வண்டி நீடித்து உழைப்பதையும் மறுவிற்பனை விலையையும் பேசுவார்கள். என் ஓட்டு பட்ரோலுக்குத்தான்.

மணல் தொடங்கும் இடத்தில் எல்லாரும் குனிந்து, சக்கரம் மணலில் புதையாமலிருக்க டயர் காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கும்போதே சீண்டல் ஆரம்பித்துவிடும். அப்புறம் யாராவது மேட்டு உச்சியில் வண்டியின் அடிவயிறு தட்டி நின்றால், முதலில் கயிறோடு ஓடிவருபவர் எதிர்க்கட்சிக்காரர்தான். இழுத்துவிட்ட கையோடு படமும் எடுத்துக்கொள்வார், அதில் யாருக்கும் வருத்தமில்லை. தனியாகப் போய் மாட்டிக்கொள்ளாமல் புதியவர்கள் கூட்டத்தோடு வருவதே இப்படி ஓடிவந்து இழுத்துவிடும் பழக்கத்தை நம்பித்தான்.