துப்பாக்கி தூக்க மறுப்பதும் ராணுவத்தையே மறுப்பதும் ஒன்றல்ல

பஹாய்கள், அதாவது 19ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்றாலே, யார் அடித்தாலும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தச் சமயத்துக்கு முன்னோடியான பாபிகள் ஆயுதம் ஏந்தியவர்கள். 1848-49இல் ஷேக் தபர்சியில், 1850இல் நைரீஸிலும் ஸஞ்சானிலும், ஈரான் அரசுப் படைகளை எதிர்த்து நின்று மடிந்தார்கள். 1863இல் பாக்தாத்தில், பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா வாளைத் தடைசெய்தார். கொல்வதைவிடக் கொல்லப்படுவது மேல் என்றார். போரைப் பார்த்து, பிணங்களை எண்ணிய ஒரு சமூகத்துக்குச் சொன்ன பேச்சு இது. அதனாலேயே இதன் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

அதே பஹாவுல்லா அரசர்களுக்கு என்ன எழுதினார் தெரியுமா? உங்களில் ஒருவன் இன்னொருவன் மேல் படையெடுத்தால், எல்லோரும் சேர்ந்து அவனை எதிர்த்து எழுங்கள், அதுதான் நீதி என்று. அவருடைய மகனும் அவருக்குப் பின் சமூகத்தை வழிநடத்தியவருமான அப்துல் பஹாவும் இதே வழியில்தான் பேசினார். எனக்குத் தீங்கு செய்தவனை நான் மன்னிக்கலாம். ஆனால் என் கண்ணெதிரே ஒருவன் இன்னொருவரைத் தாக்க வந்தால் தடுத்தே ஆகவேண்டும், சமூகத்தைக் காப்பது நீதியின் வேலை என்றார். இதை முழுமையான அகிம்சை என்று சொல்ல முடியாது. பழிவாங்கலைத்தான் மறுக்கிறார்கள், பாதுகாப்பை அல்ல.

ராணுவ சேவையிலும் இப்படித்தான். அழைப்பு வந்தால் ஓடி ஒளிவதில்லை. சண்டையிடாத பணி கொடுங்கள் என்று முறைப்படி கேட்கிறார்கள்: காயம்பட்டவர்களைத் தூக்குவது, மருத்துவம் பார்ப்பது, அலுவலக வேலை. இரண்டாம் உலகப்போர் நெருங்கிய காலத்தில் அப்போதைய பஹாய் தலைவர் ஷோகி எஃபெண்டி தந்த விளக்கம் தெளிவானது. அந்தப் பணியில் ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை, உயிர் பிழைப்பது நோக்கமல்ல, வேண்டுமென்றே கொல்லாமல் இருப்பதே நோக்கம். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள், குண்டு பறக்கும் இடத்தில் கையில் ஆயுதமில்லாமல் ஸ்ட்ரெச்சர் தூக்குவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

சரி, அரசு அப்படிப்பட்ட பணியைத் தர மறுத்தால்? அப்போதும் அரசுக்குக் கீழ்ப்படி என்பதுதான் பதில். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஏனென்றால் இவர்கள் கீழ்ப்படியாத இடமும் ஒன்று உண்டு. 1983 ஜூன் 18 அன்று ஈரானின் ஷிராஸ் நகரில் பத்துப் பஹாய் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மோனா மஹ்மூத்நிஜாதுக்கு வயது 17. நம்பிக்கையைத் துறந்தால் விடுதலை என்றார்கள், துறக்கவில்லை. அதே ஆண்டு பஹாய் நிர்வாக அமைப்புகளுக்கு அரசு தடை போட்டபோது, சமூகம் தானாகவே அவற்றைக் கலைத்துவிட்டது. அமைப்பை விட்டுக்கொடுக்கலாம், நம்பிக்கையை விட்டுக்கொடுக்க முடியாது என்று கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு எனக்குப் புரிகிறது, தலைவணங்குகிறேன்.

ஆனால் கொல்லாமை அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டத்தை மதிக்கும் குடிமக்களாக இருப்பதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் மனசாட்சியைச் சொல்லி விலகினால் எந்த அரசும் நிற்காது என்ற அவர்களுடைய வாதத்திலும் நியாயம் உண்டு. இருந்தாலும், உயிரே போனாலும் பொய் சொல்லமாட்டேன் என்ற பெண்களின் சமூகம், உத்தரவு வந்தால் சுடலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.