வார்டு உறுப்பினர் தேர்தலில் நில்லுங்கள்

2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகள் மட்டும் 76,000-க்கும் மேல். அவற்றில் 18,000-க்கும் அதிகமானவை போட்டியே இல்லாமல் நிரம்பின. ஏறக்குறைய நான்கில் ஒரு வார்டில் ஓட்டுப் போடவே தேவை இருக்கவில்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

ஒருமித்த கருத்தோடு ஊரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். சில ஊர்களில் உண்மையிலேயே அப்படி நடக்கிறது. ஆனால் பல இடங்களில் கோயில் வாசலில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதைத்தான் "ஊர் முடிவு" என்கிறோம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருப்பதில்லை, காலனிக்காரர்கள் இருப்பதில்லை, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பதில்லை. பதவியை ஏலம் விட்டார்கள் என்ற செய்தியும் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது.

அதனால்தான் என் தம்பி தங்கைகளிடம் ஒன்றைக் கேட்கிறேன். சட்டமன்றக் கூட்டணிக் கணக்கெல்லாம் உங்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. அந்த ஆர்வத்தில் கொஞ்சத்தை உங்கள் தெருவுக்கும் கொடுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக நில்லுங்கள்.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100 ரூபாய். செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். இன்னொரு முக்கியமான விஷயம், கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் இரண்டுமே கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். சீட்டுக்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

"பணம் இல்லாமல் ஜெயிக்க முடியாது அண்ணா" என்கிறார்கள். தலைவர் பதவிக்குப் பணம் ஆறாக ஓடுகிறது, அதை நான் மறுக்க மாட்டேன். வார்டு அப்படியல்ல. சில நூறு ஓட்டுதான். அத்தனை வீட்டுக்கும் நீங்கள் நடந்தே மூன்று நான்கு முறை போய்வரலாம். அந்தப் பாட்டியின் பென்ஷன் ஏன் நின்றது, எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அஞ்சு பத்து ஓட்டில் முடிவாகும் தேர்தல் இது. சமமாக வந்தால் குலுக்கல்.

சரி, ஜெயித்தால் என்ன அதிகாரம் இருக்கிறது? இங்கேதான் பலரும் ஏமாற்றப்படுகிறார்கள். வார்டு உறுப்பினர் என்றால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் என்று பழக்கிவிட்டார்கள். நோட்டு வீட்டுக்கே வரும், கையெழுத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் ஊராட்சியின் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்தான். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஏழு எட்டு உறுப்பினர்கள் உள்ள ஒரு ஊராட்சியில், படித்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் அந்த அலுவலகத்தின் நடைமுறையே மாறும். மத்திய அரசு 2021-26-இல் ஊராட்சிகளுக்குத் தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்குக் குழாய் போட்டார்கள், எந்த வடிகால் தூர் வாரினார்கள் என்று கூட்டத்தில் கேட்கிற உரிமை உறுப்பினருக்கு உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் வரவு செலவை இன்றைக்கே பார்க்கலாம். உறுப்பினராகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கிராம சபைக்கும் அப்படித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இப்போது வருடத்துக்கு ஆறு கூட்டங்கள். ஐநூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த நூறைக் காட்ட நூறு நாள் வேலைக்கு வரும் அம்மாக்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெயிலில் உட்கார்ந்திருக்கும் அவர்களுக்குத் தீர்மானம் என்ன என்றுகூட யாரும் வாசித்துக் காட்டவில்லை. படித்த பிள்ளைகள் பத்துப் பேர் அங்கே இருந்து "சத்தமாக வாசியுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். அது சண்டை போடுவது அல்ல, அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

சாதியைப் பற்றிப் பேசாமல் உள்ளாட்சியைப் பற்றிப் பேச முடியாது. 1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரு தலித் தலைவராக வந்தார் என்பதுதான் அவர் செய்த "குற்றம்". அதே மாவட்டத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் நிற்பது இருக்கட்டும். உங்கள் ஊராட்சி தனித்தொகுதியாக இருந்தால், ஜெயித்து வருகிறவர் நாற்காலியில் உட்கார்வதையும் கொடியேற்றுவதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசுவது மேடையில் பேசுவதைவிடக் கடினம். அந்தப் பேச்சை உங்களைத் தவிர வேறு யாராலும் பேச முடியாது.

பெண்களுக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 50 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இருந்தும் மனைவி பெயரில் கணவர் கூட்டம் நடத்துகிற ஊர்கள் எத்தனை! 2019 தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவராக ஜெயித்தார். பக்கத்தில் கேரளாவில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். அவர் கட்சி வழியாக வந்தவர், அதிலும் தவறில்லை. நல்ல கட்சியில் சேர்ந்து கிளை மட்டத்திலிருந்து வேலை செய்வதும் அரசியல்தான். கட்சி என்றாலே சாக்கடை என்று சொல்லி ஒதுங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

1996-இல் ஊராட்சித் தலைவர்களாக வந்தவர்களில் வேதியியல் பொறியியல் படித்து வேலையை விட்டு வந்த குத்தம்பாக்கம் இளங்கோவும் இருந்தார், ஓடந்துறை சண்முகமும் இருந்தார். ஓடந்துறை ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலையைத் தன் பெயரில் வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஒரு கிராம ஊராட்சிக்கு இவ்வளவு சாத்தியம்.

தேர்தலே நடக்காமல் போவதும் நமக்குப் பழகிவிட்டது. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2019-இல் தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களில் (பிறகு பிரிந்து 28) 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்தபோதும் அதே கதை. குழாய் உடைந்தால் சொல்லுவதற்கு ஊருக்குள் ஆள் இல்லை. சட்டமன்றம் இப்படி ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் எவ்வளவு கொந்தளிப்போம்! உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்து என்று கேட்பதும் இளைஞர்களின் வேலை.

தேதி வந்த பிறகு யோசித்தால் நேரம் போதாது. முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்காகத் திருப்பூரோ சென்னையோ போனவர்களும் பாருங்கள். அடுத்த கிராம சபைக்கு இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்ற ஒரே ஒரு கேள்வியோடு போனாலும் போதும். நிற்க முடிவு செய்தால் எனக்கு எழுதுங்கள். வேட்புமனுவை நிரப்ப, வீடு வீடாகப் போக நானும் கூட வருகிறேன்.